அகதிகளோடு கலைப்பணி: ஓவிய அறையா, சிகிச்சையா, தையலா, நாடகமா?

போரிலிருந்தும் வன்முறையிலிருந்தும் தப்பி வந்தவர்களுக்குக் கலை வழியாக ஏதாவது செய்யலாம் என்று கிளம்பும் சிறு குழுக்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அறை கிடைத்துவிட்டது. ஓராண்டுக்குப் பணம் இருக்கிறது. மனமுள்ள நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். இனி என்ன செய்வது? ஒருவர் ஓவிய வகுப்பு என்கிறார். கலை வழியாக மனநலச் சிகிச்சை தர முறையாகப் படித்த கலைச் சிகிச்சையாளரை அழைக்கலாம் என்கிறார் இன்னொருவர். பெண்களுக்குத் தையல் பயன்படுமே என்று ஒரு குரல், நாடகம் போடலாமே என்று மற்றொரு குரல். எல்லாமே நல்ல யோசனையாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொன்றும் வேறு ஆளுக்கு, வேறு கட்டத்தில் பயன்படுவது. இடம் மாறிப்போனால் சில வழிகள் கெடுதலும் செய்யும்.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான குழுக்கள் தொடங்க வேண்டியது, வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் திறக்கும் ஒரு கலை அறை. அங்கே யாரிடமும் நடந்ததைப் பற்றிக் கேட்கக்கூடாது. சிகிச்சை தேவைப்படுகிறவரை ஒப்படைக்க ஒரு மனநல நிபுணரோடு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். பெரியவர்கள் அதிகம் இருக்கும் இடத்தில் தையலும் கைத்தொழிலும் இதற்குச் சமமான வழி, சில சமயம் இதைவிடவும் நல்ல வழி. நாடகத்தைப் பொறுத்தவரை தேர்ந்த ஆள் இல்லாவிட்டால் தொடாமல் இருப்பதே மேல். கலைச் சிகிச்சை மிக மதிப்புள்ளது. ஆனால் அது சிலருக்கானது, அதற்கென்று படித்தவர் கையில் இருக்க வேண்டியது.

யாருக்காகத் தேர்வு செய்கிறோம்

2024 முடிவில் உலகில் வலுக்கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்டோர் 12 கோடியே 32 லட்சம் பேர் என்று ஐ.நா. அகதிகள் முகமை கணக்கிட்டது. அவர்களில் ஏறக்குறைய 40 சதவீதத்தினர் குழந்தைகள். போரைச் சந்தித்த மக்களில் ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு சொல்கிறது. மனச்சோர்வு, பதற்றம், கொடிய நிகழ்வு மனதில் விட்டுச்செல்லும் ஆறாத காயமான மனவடு எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

மீதி நாலு பேருக்குத் துயரம் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. வீடு போயிருக்கும், ஆள் போயிருக்கும், இரவில் தூக்கம் வராது. ஆனாலும் அது நோயல்ல. நடந்த கொடுமைக்கு மனம் காட்டும் இயல்பான எதிர்வினை. பாதுகாப்பும், செய்வதற்கு ஒரு வேலையும், பேச்சுத்துணையும் கிடைத்தால் அவர்களில் பெரும்பாலோர் மெல்ல எழுந்துவிடுகிறார்கள்.

அவசரநிலைகளில் மனநல, உளசமூக உதவி எப்படி இருக்க வேண்டும் என்று ஐ.நா. அமைப்புகளும் உதவி நிறுவனங்களும் சேர்ந்து 2007இல் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டன. அவை உதவியை நான்கு அடுக்காகப் பிரிக்கின்றன. அடியில் உணவு, உறைவிடம், பாதுகாப்பு. அதற்கு மேல் குடும்பமும் சமூகமும் தரும் துணை. மூன்றாவது அடுக்கு, பயிற்சி பெற்ற பணியாளர்கள் குறிப்பிட்ட சிலருக்குத் தரும் உதவி. உச்சியில் நிபுணர் சிகிச்சை. மேலே போகப் போக உதவி தேவைப்படுவோர் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஓர் அறையும் நாலு பேரும் உள்ள குழு நேர்மையாக நிற்கக்கூடியது இரண்டாவது அடுக்கில்தான். அங்கே நின்றுகொண்டு ‘சிகிச்சை’ என்று பலகை மாட்டினால் இரண்டு தீங்கு நடக்கும். பைத்தியம் என்று பெயர் வந்துவிடுமோ என்று பயந்து பலர் வரமாட்டார்கள். உண்மையிலேயே சிகிச்சை தேவைப்படுகிறவர், அது தனக்குக் கிடைத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார்.

அடி அடுக்கே ஆட்டம் காணும் இடத்தில் கலையைக் கொண்டுபோய் வைப்பதும் சரியல்ல. தஞ்ச மனு நிராகரிக்கப்பட்டு, எந்த நாளும் திருப்பி அனுப்பப்படலாம் என்று இருப்பவருக்கு முதலில் வேண்டியது வழக்கறிஞர். அப்புறம்தான் வண்ணப்பெட்டி.

நடந்ததை வரையச் சொல்லலாமா?

ஓவியமா தையலா என்பதைவிடப் பெரிய முடிவு இது. மனவடு ஆற வேண்டுமானால் உள்ளே இருப்பதை வெளியே கொட்டிவிட வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதனால்தான் முகாமுக்குப் போகும் தன்னார்வலர்கள் குழந்தைகளிடம் தாளைக் கொடுத்து, உன் ஊரில் என்ன நடந்தது, வரைந்து காட்டு என்கிறார்கள். குழந்தை வரைகிறது. ஹெலிகாப்டர், தீப்பிடித்த குடிசை, விழுந்து கிடக்கும் உடல்கள். படத்தை எடுத்துக்கொண்டு தன்னார்வலர் போய்விடுகிறார். கிளறிவிட்ட நினைவோடு குழந்தை அங்கேயே இருக்கிறது.

அப்படி வரையப்பட்ட படங்களுக்கு உலகில் ஒரு பயன் உண்டு என்பதை மறுக்கவில்லை. 2007இல் சாட் நாட்டின் கிழக்குப் பகுதி முகாம்களில் இருந்த, சூடானின் டார்ஃபூர் பகுதிக் குழந்தைகளின் 500 படங்களை ‘வேஜிங் பீஸ்’ என்ற அமைப்பு சேகரித்தது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அவற்றை, குற்றங்களின் பின்னணியைக் காட்டும் சூழல் சான்றாக ஏற்றுக்கொண்டது. அது நீதிக்குச் செய்த பெரிய தொண்டு. ஆனால் அது சாட்சி சேகரிப்பு, குணப்படுத்துதல் வேறு. ஒரு குழு எதற்காகத் தாளை நீட்டுகிறது என்பதில் அதற்கே தெளிவு இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால் குழந்தையின் தேவைதான் பின்னுக்குப் போகும்.

இதற்கு நேர் எதிரான பாதையில் போனவர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் படித்த ஓவியர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரை டெரெசின் முகாமுக்கு அனுப்பியபோது, கொண்டுபோக அனுமதித்த மூட்டையில் தாளும் வண்ணமும் எடுத்துப் போனார். முகாமில் அவர் குழந்தைகளுக்கு நடத்திய வகுப்புகளில், பட்ட துன்பத்தை வரையச் சொல்லவில்லை. கோடுகளை ஒரு தாளகதியில் இழுக்கும் பயிற்சி, பழைய ஓவியர்களின் படங்களை உற்றுப் பார்த்துப் போடுவது, கிழிந்த காகிதத்தை ஒட்டிப் படமாக்குவது என்று கற்பித்தார். வரைந்த படத்தில் தன் பெயரை எழுத வேண்டும் என்றார். மனிதர்களை எண்களாக்கிய இடத்தில் அது சின்ன விஷயமல்ல. 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். போவதற்கு முன் இரண்டு பெட்டிகளில் அடைத்து மறைத்து வைத்த ஏறக்குறைய 4,500 படங்கள் இன்று பிராகில் உள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். அந்தப் படங்களில் மிகுதியாக இருப்பவை வீடுகள், பூக்கள், மரங்கள், மனிதர்கள். அவர் அந்தக் குழந்தைகளை மரணத்திலிருந்து காப்பாற்றவில்லை, காப்பாற்றவும் முடியாது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் தாளின் மேல் என்ன வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை குழந்தையின் கையில் இருந்தது. வன்முறை ஒருவரிடமிருந்து முதலில் பறிப்பது அந்த உரிமையைத்தான். கலைப்பணி திருப்பிக் கொடுக்க வேண்டியதும் அதையே என்று நான் நம்புகிறேன்.

அப்படியானால் நடந்ததைப் பேசவே கூடாதா? கூடும். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. கொடிய நிகழ்வு நடந்தவுடன் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் அறிவுறுத்தியது. அதே சமயம், வாழ்க்கைக் கதையைப் பல அமர்வுகளில், வரிசையாக, சிகிச்சையாளர் துணையோடு சொல்லிக் கோக்கும் ஒரு முறைக்கு நல்ல சான்று இருக்கிறது. விவரிப்பு வழிச் சிகிச்சை என்று அதைச் சொல்லலாம். தரையில் ஒரு கயிற்றை நீட்டி அதை வாழ்க்கை என்று வைத்து, நல்ல நிகழ்வுக்குப் பூவும் கொடிய நிகழ்வுக்குக் கல்லும் வைத்துத் தொடங்குவார்கள். உகாண்டாவில் இருந்த 43 சூடான் அகதிகளிடம் நடந்த ஆய்வொன்று 2004இல் வெளியானது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 29 சதவீதத்தினருக்கே மனவடு நோய் நீடித்தது. பொதுவான ஆலோசனையோ விளக்கமோ மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தினருக்கு நீடித்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் இந்த வேறுபாட்டை ஒதுக்கிவிட முடியாது.

ஆக, நினைவைத் தொடுவது தவறில்லை. தொட்டுவிட்டு நடுவழியில் விட்டுவிட்டுப் போவதுதான் தவறு. இறுதிவரை கூட இருக்கும் ஏற்பாடு இல்லாத குழு, தொடாமல் இருக்கும் வழியைத் தேர்வதுதான் பொறுப்பு. தானாக வரும் கதையைத் தடுக்க வேண்டியதில்லை. அமைதியாகக் கேட்டால் போதும். கேள்வி கேட்டு இழுக்க வேண்டாம்.

திறந்த கலை அறை

மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா இந்த வகைக்கு நான் முதலில் சுட்டிக்காட்டும் இடம். கனடாக் கலைஞர் பால் ஹோகனும் உள்ளூர் ஆட்களும் சேர்ந்து போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அதைக் கட்டியெழுப்பினார்கள். தமிழ்க் குழந்தைகளும் முஸ்லிம் குழந்தைகளும் ஒன்றாக, வாரம் ஒரு நாள் வீதம், மாதக்கணக்கில் வந்தார்கள். களிமண், வண்ணம், கதை, பாட்டு, செடிகள், வளர்ப்பு விலங்குகள். கூட இருந்து நடத்தியவர்கள் அதே மண்ணின் இளைஞர்கள். அவர்களில் சிலர் தாங்களே போரால் அடிபட்டவர்கள். ஒரு நாள் முகாம் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகும் பணிக்கும் இதற்கும் உள்ள தூரம், அந்த ‘மாதக்கணக்கில்’ என்ற சொல்லில் இருக்கிறது.

திறந்த அறையின் பலம் அதன் ஒழுங்கு. வாழ்க்கையில் எதுவுமே நிச்சயமில்லாத ஒருவருக்கு, செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அந்தக் கதவு திறந்திருக்கும், அதே முகங்கள் இருக்கும், போன வாரம் பாதியில் விட்ட படம் அதே அலமாரியில் இருக்கும் என்பதே பெரிய விஷயம். ஆகவே வாரம் மூன்று நாள் என்று ஆர்வத்தோடு தொடங்கி இரண்டு மாதத்தில் ஓய்வதைவிட, வாரம் ஒரு நாள் என்று ஓராண்டு தவறாமல் திறப்பது பல மடங்கு நல்லது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

பொருட்களைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். தூரிகையும் நீர்வண்ணமும் அழகாக இருக்கும். ஆனால் கைக்கு அடங்காமல் வழிந்து ஓடும். ஏற்கெனவே எதுவும் தன் கையில் இல்லை என்று இருப்பவரை அது இன்னும் பதற வைக்கலாம். ஆரம்பத்தில் வண்ணப் பென்சில், கிரேயான், வெட்டி ஒட்டப் பழைய இதழ்கள் போதும். எனக்கு வரையத் தெரியாது என்று கூச்சப்படும் பெரியவர்களுக்கு வெட்டி ஒட்டுவது எளிதான வாசல். களிமண்ணில் அடிக்கலாம், பிசையலாம், உடைத்துத் திரும்பச் செய்யலாம். கோபம் இறங்க அது நல்ல வழி. ஆனால் இடிபாட்டில் கையால் தோண்டியவருக்கு ஈரமண்ணின் மணமே போதும், அந்த நாளுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். எனவே எதையும் கட்டாயமாக்காமல், பலவற்றை மேசையில் வைத்துவிட்டு விலகி நிற்பதே சரி. கதவைத் தாழிட வேண்டாம். வெளியே போகும் வழி எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். முரசு போன்ற திடீர்ச் சத்தம் வருவதானால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, படத்துக்குப் பொருள் சொல்லும் பழக்கம். கறுப்பைப் பூசினால் சோகம், பெரிய கண் வரைந்தால் பயம், கையில்லாத மனிதன் என்றால் இன்னது என்று சொல்லும் கையேடுகள் புழங்குகின்றன. இதற்கெல்லாம் நம்பத்தக்க அடிப்படை கிடையாது. குழந்தைக்கு அன்று கையில் கிடைத்தது கறுப்புக் கிரேயானாக இருக்கலாம். ‘இதைப் பற்றி ஏதாவது சொல்ல விருப்பமா?’ என்று கேட்கலாம். இல்லை என்றால் விட்டுவிடலாம்.

இந்த அறையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். மனவடு நோய் முற்றியிருப்பவரை அது குணப்படுத்தும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. 2016இல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் கலைவேலை செய்யவைத்துப் பார்த்தபோது, முக்கால்வாசிப் பேருக்கு கார்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பு குறைந்தது. அவர்கள் சாதாரண வாழ்க்கை வாழும் ஆரோக்கியமான பெரியவர்கள். இந்த ஆய்வைக் காட்டி அகதிகளின் மனவடு தீரும் என்று விண்ணப்பம் எழுதுவது நியாயமில்லை.

ஆகவே அறையை நடத்துகிறவர்கள் சில அடையாளங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கூப்பிட்டாலும் திரும்பாமல் உறைந்து போவது, சாவைப் பற்றிப் பேசுவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, ஒரு குழந்தை ஒரே கொடூரக் காட்சியை வாரக்கணக்கில் எந்த மாற்றமும் ஆறுதலும் இல்லாமல் திரும்பத் திரும்ப விளையாடுவது. இவற்றைக் கண்டால் யாரை அழைப்பது என்பது முதல் நாளுக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

கலைச் சிகிச்சை

டிக்கர்-பிராண்டைஸிடம் படித்தவர் ஈடித் கிராமர். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர்களின் குழந்தைகளுக்குப் பிராகில் டிக்கர்-பிராண்டைஸ் கற்பித்தபோது கிராமர் உடன் இருந்து உதவினார். 1938இல் அமெரிக்கா போய், கலைச் சிகிச்சை என்ற துறையை அமைத்த முன்னோடிகளில் ஒருவரானார். அதாவது இந்தத் துறையின் வேர்களில் ஒன்றே அகதிக் குழந்தைகளின் வகுப்பறையில் இருக்கிறது.

இன்று பல நாடுகளில் இதற்கு முதுநிலைப் பட்டமும், மூத்தவர் மேற்பார்வையில் பயிற்சியும் வேண்டும். வேறுபாடு படம் வரைவதில் இல்லை. படம் வரையும்போது எழுந்து வருவதைத் தாங்கி, அதை எங்கே நிறுத்துவது, எங்கே தொடர்வது என்று தெரிந்திருப்பதில் இருக்கிறது. பேச முடியாதவர்களுக்கு இது பெரிய வரம். சித்திரவதைக்கு ஆளானவர்கள், பாலியல் வன்முறையிலிருந்து மீண்டவர்கள், மொழி தெரியாத நாட்டில் மொழிபெயர்ப்பாளர் வழியாக எல்லாவற்றையும் சொல்லக் கூசுகிறவர்கள். அந்த மொழிபெயர்ப்பாளர் சில சமயம் அதே சமூகத்து ஆளாக இருப்பார். அவர் முன்னால் வாய் திறக்க முடியாதவர் தாளில் ஒரு கோடு போடலாம்.

ஆனால் சான்று? மனவடு உள்ள பெரியவர்களுக்கான கலைச் சிகிச்சை பற்றி 2015இல் வெளியான முறையான தொகுப்பாய்வில், சிகிச்சை பெற்றவர்களை அது பெறாத அல்லது வேறு உதவி பெற்ற பிரிவோடு ஒப்பிட்ட ஆய்வுகள் ஆறே தேறின. அவற்றில் பாதியில்தான் அறிகுறிகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. இதை வைத்துக் கலைச் சிகிச்சை பயனற்றது என்று சொல்ல முடியாது. ஆய்வு போதவில்லை என்பதே உண்மை. அதனால், மனவடு நோய் உறுதியான ஒருவருக்கு முன்னால் சொன்ன விவரிப்பு வழிச் சிகிச்சையோ, மனவடுவை மையமாகக் கொண்ட வேறு பேச்சுச் சிகிச்சையோ கிடைக்குமானால் அதை முதலில் தேர்ந்தெடுங்கள். கலை அதோடு சேர்ந்து வரட்டும். பேச்சு முடியவே முடியாது என்ற நிலையில் கலைச் சிகிச்சை முன்னுக்கு வரும்.

நிபுணரைத் தேடி ஏங்கிக்கொண்டிருக்கவும் வேண்டாம். உகாண்டாவின் நகிவாலே குடியிருப்பில் அகதிகளிலிருந்தே ஆட்களைத் தேர்ந்து, சில வாரப் பயிற்சி கொடுத்து, மேற்பார்வையில் விவரிப்பு வழிச் சிகிச்சை நடத்தியபோதும் நல்ல பலன் கிடைத்தது. பணம் இருக்கும் குழு வெளியூர் நிபுணரை இரண்டு வாரத்துக்கு விமானத்தில் வரவழைப்பதைவிட, அங்கேயே இருக்கப்போகும் இரண்டு பேருக்குப் பயிற்சியும் தொடர் மேற்பார்வையும் வாங்கித் தருவது நல்லது.

ஊசியும் துணியும்

பெரியவர்களோடு வேலை செய்கிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். ஓவிய அறைக்கு வராத பெண்கள் தையலுக்கு வருவார்கள். கை வேலை செய்துகொண்டிருக்கும். கண் துணியில் இருக்கும். அதனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பேசலாம், பேசாமலும் இருக்கலாம். உருவம் வரைவதை விரும்பாத சமூகங்களுக்குக் கோலமும் வடிவமும் தைப்பது தடையில்லாத வழி. வீட்டு வேலையை விட்டு வருவதற்கு ‘தைக்கப் போகிறேன்’ என்பது யாரும் கேள்வி கேட்காத காரணம்.

சிலியில் 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு, கணவனையும் பிள்ளைகளையும் காணாமல் தேடி அலைந்த சாண்டியாகோ பெண்கள் சாக்குத்துணியில் துணித்துண்டுகளை வைத்துத் தைத்த படங்கள்தான் அர்பில்லேராக்கள். சில படங்களில் காணாமல் போனவரின் சட்டைத் துணியே இருந்தது. தேவாலயத்தின் பாதுகாப்பில் கூடித் தைத்தார்கள். பின்பக்கம் ஒரு சின்னப் பை வைத்து, நடந்ததை எழுதிய சீட்டைச் செருகினார்கள். படங்கள் வெளிநாட்டுக்குப் போய் விற்றன. துக்கம், வருமானம், சாட்சி மூன்றும் ஒரே துணியில்.

கொலம்பியாவின் மாம்புஹான் ஊர் மக்களை 2000 மார்ச்சில் துணைப்படை எனப்படும் தனியார் ஆயுதக் குழுவினர் விரட்டினார்கள். அந்த ஊர்ப் பெண்கள் பின்னாளில் துணிச்சித்திரம் தைக்கத் தொடங்கினார்கள். முதலில் தங்களை விரட்டிய இரவைத் தைத்தார்கள். அப்புறம் இன்னும் பின்னால் போய், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட தங்கள் முன்னோரின் கதையைத் தைத்தார்கள். 2015இல் அவர்களுக்குக் கொலம்பியாவின் தேசிய அமைதிப் பரிசு கிடைத்தது. எதைத் தைப்பது என்று அவர்களே தீர்மானித்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது.

லாவோஸிலிருந்து 1975க்குப் பின் மேக்கோங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்கு வந்த மோங் மக்களின் அனுபவத்தில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. அவர்களின் பழைய தையலில் இருந்தவை வடிவங்கள்தான். முகாமில்தான் போரும் ஆற்றைக் கடந்த காட்சியும் உருவங்களாகத் தைக்கும் கதைத்துணிகள் பெருகின, வெளியாருக்கு விற்பனையாயின. குடும்பங்கள் அதனால் பிழைத்தன. கதை அடுத்த தலைமுறைக்கும் போனது. ஆனால் வாங்குகிறவருக்கு எது பிடிக்குமோ அதுவே அதிகம் தைக்கப்படும் என்பதும் சந்தையின் இயல்பு. உங்கள் குழுவின் துணிப்படங்களை விற்பதானால் இதை யோசியுங்கள். சோகத்துக்கு நல்ல விலை கிடைத்தால், தைக்கிறவர் பணத்துக்காகத் தன் மிகக் கொடிய நாளை மறுபடி மறுபடி தைத்துக்கொண்டிருப்பார். விற்கும் துணி வேறு, தனக்காகத் தைக்கும் துணி வேறு என்று முதலிலேயே பிரித்து வைப்பது நல்லது. கணக்கும் விலையும் தைக்கிறவர்கள் கையிலேயே இருக்கட்டும்.

ஆண்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஓவியத்துக்கும் தையலுக்கும் அவர்களில் பலர் வரமாட்டார்கள். மரவேலை, பெஞ்சு செய்வது, பழுது பார்ப்பது என்றால் வருவார்கள். அதைக் கலை என்று அழைக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

நாடகமும் சுவரோவியமும்

நாடகம் உடலைத் தொடுகிறது. அடிவாங்கிய உடல், ஒளிந்து கிடந்த உடல் மறுபடி நிமிர்ந்து நிற்கும்போது கிடைக்கும் பலம் வேறு எந்தக் கலையிலும் இல்லை. ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. சொந்தக் கதையை மேடையில் நடிக்கும்போது அது நடிப்பாக இல்லாமல் போய்விடலாம். 2013இல் ஜோர்தானின் தலைநகர் அம்மானில் சிரிய அகதிப் பெண்கள் மேடையேற்றியது, வீழ்ந்த நகரத்துப் பெண்களைப் பற்றிய பண்டைய கிரேக்க நாடகம் ஒன்றை. சொந்தக் கதையைப் பழைய கதைக்குள் வைத்தால் எப்போது வேண்டுமானாலும் அதன் பின்னால் ஒதுங்கிக்கொள்ளலாம். நாடகத்தைத் தேர்கிற குழு முகமூடி, பொம்மலாட்டம், பழங்கதை என்று இடைவெளி தரும் வடிவங்களையே எடுக்க வேண்டும். கூட்டத்தில் ஒருவர் உடைந்து போனால் என்ன செய்வது என்று தெரிந்த ஆளும் வேண்டும். அவர் இல்லையென்றால் வேறு வழியைப் பாருங்கள்.

சுவரோவியம் இளைஞர்களுக்குப் பிடிக்கும். 2012இல் ஜோர்தானில் திறந்த ஸாதாரி முகாமில் குழந்தைகளும் ஓவியர்களும் சேர்ந்து கட்டடச் சுவர்களில் வரைந்தார்கள். இடம் தங்களுடையது என்ற உணர்வை அது தரும். ஆழமான காயத்துக்கு அது மருந்தல்ல. வெளியாளான ஓவியர் வரைய, குழந்தைகள் இடையில் வண்ணம் நிரப்பும் ஏற்பாடாக அது மாறிவிடாமல் பார்த்துக்கொண்டால் நல்ல தொடக்கம்தான்.

உங்கள் நிலைமைக்கு எது

ஆறு வாரம்தான் கையில் இருக்கிறது என்றால், காயத்தைத் தொடும் எதையும் தொடங்காதீர்கள். ன்கஸேலோ ன்கூபேயும் டேவிட் டென்பரோவும் தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் குழந்தைகளுக்காக உருவாக்கிய வாழ்க்கை மரம் என்ற முறை இதற்குப் பொருந்தும். ஒரு மரம் வரைந்து, வேரில் எங்கிருந்து வந்தோம், மண்ணில் இன்றைய வாழ்க்கை, அடிமரத்தில் திறமைகள், கிளையில் ஆசைகள், இலையில் நெருங்கிய மனிதர்கள், பழத்தில் கிடைத்த நன்மைகள் என்று எழுதுவார்கள். எல்லா மரங்களையும் சேர்த்துக் காடாக ஒட்டிவிட்டு, அப்புறம்தான் புயலைப் பற்றி, அதாவது வாழ்க்கையில் வந்த இடர்களைப் பற்றிப் பேச்சு. அதுவும் புயலை எப்படிச் சமாளித்தார்கள் என்ற பக்கத்திலிருந்து.

ஓராண்டும் அதற்கு மேலும் இருக்க முடியும், குழந்தைகள் அதிகம் என்றால் திறந்த அறை. பெண்கள் அதிகம், கைச்செலவுக்கே திண்டாட்டம் என்றால் தையல். அருகில் மனநல நிபுணர் யாருமே இல்லை என்றால், முதல் மூன்று மாதச் செலவை இரண்டு உள்ளூர் ஆட்களின் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு அதன் பிறகு கதவைத் திறங்கள். பணியாளர்களில் பலர் தாங்களே அகதிகளாக இருப்பார்கள். அவர்கள் மாதம் ஒரு முறையாவது மூத்த ஒருவரோடு மனம்விட்டுப் பேச ஏற்பாடு வேண்டும். இதைச் செலவுப் பட்டியலில் கடைசியில் போட்டால் முதலில் வெட்டப்படுவது அதுதான்.

பணம் கொடுத்தவர்கள் கண்காட்சி கேட்பார்கள். படம் வரைந்தவருடையது என்பதை எழுத்தில் வைத்துக்கொண்டே அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும். உதவி கொடுக்கும் கையே சம்மதம் கேட்டால் மறுப்பது கடினம். ஆகவே சம்மதத்தை வேறொருவர் கேட்கட்டும், வேறொரு நாளில் கேட்கட்டும், பின்னால் திரும்பப் பெறவும் இடமிருக்கட்டும். பெயர், முகம், ஊர் தெரிந்தால் அங்கே மிச்சம் இருக்கும் உறவினருக்கு ஆபத்து வரலாம். தெருப்பெயர் எழுதிய படம், அடையாளம் காணக்கூடிய சீருடை வரைந்த படம்கூட இதில் அடங்கும். குழந்தைகளின் படத்தை விளம்பரத் துண்டறிக்கையில் போடுவதை நான் எந்த நிலையிலும் ஆதரிக்க மாட்டேன்.

பணி முடியும் நாளைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். திடீரென்று மூடப்பட்ட கதவுகளை அவர்கள் ஏற்கெனவே நிறையப் பார்த்திருக்கிறார்கள். கடைசி வாரங்களில் அலமாரியில் உள்ள ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, கொண்டுபோவதா, யாருக்காவது கொடுப்பதா, கிழித்துப்போடுவதா, குழுவிடம் விட்டுவைப்பதா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். பிளாஸ்டிக் உறைகளும், படத்தைச் சுருட்டி வைக்கக் குழாய்களும் அன்றைக்குத் தேவைப்படும். அவற்றையும் முதல் மாதச் செலவிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.